தீவுக்குப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

துடுப்பில்லாதவன்:
நானே ஆரம்பிக்கிறேன். ஸ்நார்க்கலிங், அதாவது மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து கடலடியைப் பார்ப்பது. பவளப்பாறை முடிந்து மணல் தொடங்கும் இடம், ஆழம் நாலைந்து மீட்டர் இருக்கும். கீழே பெரிய கிளாத்தி மீன் ஒன்று வாயால் மணலை ஊதி ஊதிப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. நான் பாட்டுக்கு மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஒரு கண் மட்டும் உருண்டு என் பக்கம் திரும்பியது. முதுகில் ஒரு முள் நிமிர்ந்தது. அவ்வளவுதான், நேராக மேலே வந்து என் காலில் மாட்டியிருந்த ரப்பர் ஃபின்னைக் கவ்விவிட்டது. கரைக்கு வந்து பார்த்தால் ரப்பர் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டைக் காணோம். நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் இன்னும் புரியவில்லை.

கரையொதுங்கி:
மீனாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குக் காற்று. நானும் மச்சானும் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு எடுத்தோம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாள், ஆனால் கரையோரம் தென்னை மறைப்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மறைப்பைத் தாண்டியதும் காற்று முதுகைத் தள்ள, 'நாம் என்ன வேகம்!' என்று பெருமை வேறு. திரும்பும்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் மிதவை. பத்து நிமிடம் உயிரைக் கொடுத்துத் துடுப்பு போட்டும் அது பக்கத்திலேயே இருந்தது. அப்புறம் அது எங்களை முந்தியது! நங்கூரம் போட்டுக் கட்டிய மிதவை! அதுவரை பாடிக்கொண்டு வந்த மச்சான் பாட்டை நிறுத்திவிட்டான். மீன்பிடிப் படகு ஒன்று கயிறு வீசி இழுத்து வந்தது. படகுக்காரர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முக்குளி:
துடுப்பில்லாதவன், 'ஒன்றுமே செய்யவில்லை' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது முட்டைக்காகப் பறித்த பள்ளம். கூட்டுக்குக் காவல் இருக்கும் கிளாத்திக்கு எல்லை என்பது தரையோடு முடிவதில்லை. கூம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி, மேலே போகப் போக அகலமாகும். நீங்கள் மிதந்த இடம் அதன் வீட்டு மாடி. சாய்ந்து பார்த்ததும், முள்ளை நிமிர்த்தியதும் எச்சரிக்கை. மேலே ஏறினால் போதும் என்று நினைப்பதும் தப்பு, பக்கவாட்டில்தான் விலக வேண்டும். ஃபின்னை மீன் பக்கமாக நீட்டியபடி போங்கள், கடித்தாலும் ரப்பரோடு போகும்.

என் கதை சின்னது. முதல் ஸ்கூபா (காற்று உருளையோடு ஆழத்துக்கு முக்குளிப்பது), காது வலித்தது, வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, ஒரு வாரம் காது அடைத்தே கிடந்தது. பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பு. வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வலி வந்த பிறகு முக்கி ஊதினால் செவிப்பறைக்கு ஆபத்து, கொஞ்சம் மேலே ஏறிவிட்டு மறுபடி முயல வேண்டும். சளி இருந்தால் இறங்கவே கூடாது. அப்புறம் விமானம்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான். பலர் கடைசி நாள் காலையில் டைவ் வைத்துவிட்டு மாலையில் விமானம் ஏறுகிறார்கள். கயாக்காரரே, போகும்போதே காற்றை எதிர்த்துப் போயிருந்தால் திரும்புவது சுலபம். மிதவைச் சட்டை போட்டிருந்தீர்களா, அதைச் சொல்லவே இல்லையே?

கரையொதுங்கி:
போட்டிருந்தோம் சார். கதை சொல்ல வந்தால் பரீட்சை வைக்கிறீர்கள்.

மலைப்பிஞ்சு:
விமானம் மட்டும் இல்லை, மலையும்தான். டைவ் முடிந்த கையோடு காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போவதுதானே ஆபத்து. ஹவாயில் காலையில் டைவ், மாலையில் மௌனா கீ உச்சியில் சூரிய அஸ்தமனம் என்று போட்டு வைத்திருந்தேன். 4,207 மீட்டர், கடலிலிருந்து சில மணி நேரத்தில் வேனிலேயே ஏறிவிடலாம். வேன் கிளம்பும் முன் ஓட்டுநர் கேட்டார்: "இன்று யாராவது ஸ்கூபா போனீர்களா?" மனைவி என் தொடையைக் கிள்ளினாள். சொல்லு என்றா, சொல்லாதே என்றா? இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். கையைத் தூக்கினேன். இறக்கிவிட்டார்கள். ஸ்நார்க்கலிங்கோடு நிறுத்திக்கொண்ட அவள் மட்டும் போய், மேகத்துக்கு மேலே நின்று எடுத்த நாற்பது படங்களோடு வந்தாள்.

துடுப்பில்லாதவன்:
முக்குளி அண்ணே, மாடி விளக்கம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த ஃபின் வாடகைக்கு எடுத்தது. திருப்பிக் கொடுத்தபோது கடைப் பையன் கடிபட்ட இடத்தை விரலால் தடவினான். "வடக்கு முனை மணல்திட்டா?" என்றான். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு அதை ஓரமாக இருந்த பெட்டியில் போட்டான். உள்ளே அதே மாதிரி அரைவட்டத்தோடு இன்னும் மூன்று கிடந்தன.