கொடி வரப்பில் நிற்கிறது, கூலியாள் எங்கே?

வெண்ணாற்றங்கரை:
நேற்று எங்கள் ஊரில் சம்பா நடவு. வயலில் இறங்கியவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பதினான்கு பேர். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கயிறு பிடித்து நட்டுப் பொழுது சாயும் முன் கரையேறிவிட்டார்கள். தங்குவது மோட்டார் கொட்டகையில். ஈரச் சட்டைகளைப் பம்பு குழாய் மேலேயே காயப்போட்டிருந்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளோ திருப்பூரிலும் சிங்கப்பூரிலும்.

1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் (இன்றைய நாகை, திருவாரூர் பக்கம்) செங்கொடி விவசாயிகள் சங்கம் கட்டியபோது, கூலியாட்களுக்குச் சவுக்கடி கொடுத்து, சாணி கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்த பண்ணையார் அதே ஊரில் இருந்தார். வாசலில் போய் நின்று கேட்க முடிந்தது. இன்று வேலை ஓர் ஊர், முதலாளி ஓர் ஊர், நடுவில் ஏஜெண்ட். சங்கம் இன்னும் வரப்பிலேயே நின்றால் எப்படி?

கீழத்தஞ்சைக்காரன்:
அண்ணே, வரப்பை விட்டு எங்கே போவது? கூடுதல் நெல் கூலி கேட்ட போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைப் பண்ணையார் ஆட்கள் எரித்தார்கள். 1970-இல் ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நில உச்சவரம்பு 15 தர ஏக்கராக (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) குறைந்தது. ஆனாலும் கோயில், மடத்து நிலத்தில் எத்தனை குடும்பம் இன்னும் குத்தகைக்காரர்களாகவே இருக்கிறது!

உலகமயம் இங்கே வந்ததே நிலத்தின் வழியாகத்தானே? நாகப்பட்டினம் பக்கம் ஏற்றுமதிக்கு இறால் பண்ணை வெட்டினார்கள், நல்ல தண்ணீர் உப்பானது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் தடுத்தது. நிலம் யார் கையில் என்பதே இன்றைக்கும் முதல் கேள்வி.

மன்னை சிங்கை:
இரண்டு பேருமே பழைய கணக்குப் போடுகிறீர்கள். எங்கள் ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியது சிங்கப்பூர் சம்பளம். வியட்நாமில் செங்கொடிக் கட்சியே 1986-இல் சந்தைப் பக்கம் திரும்பியது. அரிசி ஏற்றுமதியில் இன்று முன்வரிசையில் நிற்கிறார்கள். இங்கே 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி வெளியே போகக் கூடாது என்று டெல்லி தடை போட்டு, 2024 செப்டம்பரில்தான் எடுத்தது. உலகச் சந்தையில் விலை ஏறிய நேரத்தில் நம் விவசாயிக்குக் கதவைச் சாத்தினால், அதுவா சோஷலிசம்?

கீழத்தஞ்சைக்காரன்:
தம்பி, வியட்நாமில் பண்ணையார் நிலம் உழவனுக்கு வந்த பிறகுதான் சந்தை வந்தது. அதை விட்டுவிட்டுச் சொல்லாதே. கதவைத் திறந்தால் லாபம் உழவனுக்கா வரும்? அரசு எடுத்துக்கொள்ளும் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டுக் காத்துக் கிடப்பவனுக்கு அரசு கொள்முதல்தான் பிடிமானம். அதை எடுத்துவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை.

வெண்ணாற்றங்கரை:
கொள்முதலை விடக் கூடாது, அதில் நானும் உங்கள் பக்கம்தான். சிங்கைத் தம்பி, ஒன்று கேட்கிறேன். ஏஜெண்டுக்குக் கட்டியது எத்தனை மாதச் சம்பளம்?

மன்னை சிங்கை:
பதினொரு மாதம். அம்மா சங்கிலி அடகில் இருந்தது. இங்கே சொன்ன சம்பளம் வேறு, அங்கே இறங்கிய பிறகு கொடுத்தது வேறு. அப்போது ஊரில் போய்க் கேட்க ஒரு ஆள் இல்லை. அதற்காகச் சந்தையே தப்பு என்று சொல்ல மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
சந்தையை மூடச் சொல்லவில்லை தம்பி. நீ கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டவும், ஏமாற்றினால் ஏஜெண்ட் வீட்டு வாசலில் நிற்கவும் ஊரில் ஒரு சங்கம் இருந்திருக்க வேண்டும் என்கிறேன். கொட்டகையில் இருப்பவர்களுக்கும் அதே சங்கம்தான். அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரி கூலியில் எவ்வளவு பிடித்தான் என்று நம்மில் யார் கேட்டோம்?

கீழத்தஞ்சைக்காரன்:
நிலம் பற்றிச் சொன்னதை நான் மாற்றவில்லை அண்ணே. ஆனால் அந்தப் பதினான்கு பேரும் எத்தனை நாள் இருப்பார்கள்? வங்காளம் பேசத் தெரிந்த தோழர் ஒருவர் திருவாரூரில் இருக்கிறார். நாளை சாயங்காலம் அழைத்து வருகிறேன்.