மறு: குருதி மெலிப்பியா, உறைசுணக்கியா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரத்தம் கட்டிபிடிக்காம இருக்கப் போடுற குளிசைக்கு (anticoagulant) தமிழில என்ன பேர் வைக்கிற எண்டு ரெண்டு கிழமையா இந்த இழை ஓடுது, நான் சும்மா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், நேத்து, அந்தக் குளிசையை வீட்டில இருந்தே போன் வழியாப் பாத்துக்கொள்ளுற முறைக்கு "குருதி மெலிப்பித் தொலைமருத்துவச் சுயமுகாமைத்துவம்" எண்டு முடிவாக்குவம் எண்டு ஐயா எழுதின மடலைப் பாத்தாப்பிறகு எழுதாம இருக்க ஏலாமப் போச்சு. ஐயா கோவிக்கப்படாது. அதை எங்கட அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், "என்ன மனே, அரசாங்கக் கச்சேரியால கடிதம் வந்திருக்கா?" எண்டு கேட்டா. இந்தச் சொல் போகப்போறது கிளினிக்கில குடுக்கிற அட்டைக்கு, அட்டையை வாசிக்கப்போறது அம்மா மாதிரி ஆக்கள், அதை மறந்துட்டுக் கதைக்கிறம்.

அம்மாக்கு இதயத்தில மெட்டல் வால்வு, மைட்ரல் பக்கம் (இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில). ரத்தம் கட்டிபிடிக்காம வார்பரின் குளிசை போடுறா. இப்ப வந்த புதுக் குளிசையள் ரத்தச் சோதனை இல்லாமப் போடலாம் எண்டாலும் மெட்டல் வால்வுக்காரருக்கு அது சரிவராது, வார்பரின்தான். நாங்க இருக்கிறது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில, கிளினிக் டவுனில. மண்முனைப் பாலம் வந்தாப்பிறகு பரவாயில்ல, எண்டாலும் ஒரு சொட்டு ரத்தம் குடுக்க ஒரு பகல் போயிடும். அதால விரலில குத்திப் பாக்கிற சின்ன மெசினும் போனும் சேந்து வாறது எங்களுக்கு உண்மையாவே பெரிய விசயம்.

சரி, "மெலிப்பி" ஏன் வேணாம் எண்டிறன். ஊரில "ரத்தம் தண்ணியாப் போச்சு" எண்டா என்ன அர்த்தம்? சத்தில்ல, சோகை, ஆள் விழப்போறார் எண்டு. அம்மாக்கு போனில ஒருக்கா "ரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை, விடாமப் போடுங்க" எண்டு சொல்லியிருக்காங்க. மனிசிக்கு அந்தக் கிழமை களைப்பு வேற, பக்கத்து வீட்டு மாமி வந்து "கா, உள்ள ரத்தத்தையும் தண்ணியாக்கினா களைக்காமக் கிடக்குமா" எண்டு கேட்டிருக்கா, மறுகா என்ன, நாலு நாள் குளிசை இல்ல, முருங்கையிலையும் பொன்னாங்காணியும் மாறிமாறிச் சுண்டல், ரத்தம் தடிக்கட்டுமாம். குளிசை வேலை செய்யிறதே விற்றமின் கே-யை மறிச்சுத்தான், அந்த இலையளில இருக்கிறதோ நிறைய விற்றமின் கே. ரத்தம் உறைய எவ்வளவு சுணங்குது எண்டு காட்டுற இலக்கம்தான் ஐ.என்.ஆர்., 2.5க்கும் 3.5க்கும் இடையில நிக்கவேண்டியது 1.4ல கிடந்தது. வால்வில ரத்தக்கட்டி பிடிக்காதது எங்கட அதிஷ்டம். மாமியில பிழையில்ல, அவ சொல்லுக்கு உள்ள அர்த்தத்தைத்தான் எடுத்தவ.

உண்மையில வார்பரின் ரத்தத்தை மெலிசாக்கிறதே இல்ல. தடிப்பு அப்படியேதான் இருக்கும், உறையிறது மட்டும் சுணங்கும். அதால என்ர முன்மொழிவு உறைசுணக்கி. ரெண்டு பாதியும் எங்கட வீட்டுச் சொல். தயிர்ச்சட்டி விக்கிற ஊரில உறையிறது எண்டா ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல, உறைமோர் குறைஞ்சா சுணங்கித்தான் உறையும், அவ்வளவுதான் கதை. "சுணக்கம் வட்டார வழக்கு" எண்டு சென்னை நண்பர் எழுதியிருந்தார். உங்கட பேப்பரிலயே "பணிகளில் சுணக்கம்" எண்டு தலைப்புப் போடுறாங்களே அண்ணே. இழையில வந்த மற்றச் சொல் "உறையெதிரி" அகராதிக்கு நல்லம், ஆனா எதிரி எண்டா உறையவே விடாது எண்ட பயம் வரும், சின்ன வெட்டுக்கும் அலறியடிப்பாங்க. மற்றது, மெலிப்பி எண்டா அஸ்பிரினும் அதே பைக்குள்ள விழுது. அது குருதிச் சிறுதட்டில (platelet) வேலை செய்யிற வேற சாமான்.

வார்பரினுக்கும் தமிழ் தேடுற தம்பிக்கு: விடுங்க. கெட்டுப்போன புல்லைத் திண்ட மாடுகள் ரத்தம் நிக்காமச் செத்ததில தொடங்கி, 1948ல எலி மருந்தாகி, 1954ல மனிசனுக்கு வந்த சாமான், பேரின்ர முன்பாதியே விஸ்கொன்சினில இருக்கிற ஒரு ஆய்வு நிறுவனத்தின்ர முதலெழுத்துகள். அதை மொழிபெயர்த்து என்ன காணப்போறம்.

ஐ.என்.ஆருக்கு "சர்வதேச இயல்பாக்கப்பட்ட விகிதம்" எண்டு போட்டிருக்கு. லாப்புக்கு லாப் சோதனைக்கு விடுற மருந்து வேற, கணக்கு வேற வந்ததால உலக சுகாதார நிறுவனம் 1983ல பொது அளவு கொண்டுவந்தது, அந்தப் பேரில இருக்கிறது லாப்காரர்ர தலையிடி. நோயாளிக்குத் தேவை "உறைநேர விகிதம்". கொப்பியில இருக்கிற ஐ.என்.ஆர். எண்ட எழுத்தும் பக்கத்தில இருக்கட்டும்.

இனித்தான் சிக்கல். "சுயமுகாமைத்துவம்" எண்டு ஒரே சொல்லில ரெண்டு வேலையைப் போட்டு மூடியாச்சு. வீட்டில குத்திப் பாத்து இலக்கத்தைப் போனில சொல்ல, அங்கால தாதியோ டொக்டரோ அளவு சொல்லுறது ஒண்டு. ஜேர்மனியில கனபேர் செய்யிற மாதிரி, பயிற்சி எடுத்துப்போட்டு அட்டவணையைப் பாத்துத் தானே அளவைக் கூட்டிக் குறைக்கிறது இன்னொண்டு. ஐ.என்.ஆர். இலக்கம் எல்லையைத் தாண்டி 4.8 வந்தா ஆர் முடிவெடுக்கிற? அதைச் சொல்லாத சொல் ஆபத்தான சொல். "வீட்டுச் சோதனை" ரெண்டுக்கும் பொது, அதுக்குப் பின்னால முதலாவதுக்கு "தொலைமருந்தளவு", ரெண்டாவதுக்கு "தன்மருந்தளவு". "தொலையளவு" எண்டு சுருக்கப் பாத்தன், தூரம் அளக்கிற மாதிரி இருக்கு. "தன்னளவு" இன்னும் மோசம், "தன்னளவில்" எண்டு வாசிச்சிருவாங்க.

ஒரு பக்கக் கதை, ஆனா அட்டைக்கு வேணும்: போனில நிறத்தைச் சொல்லி அளவு குடுக்கிற பழக்கம் நிக்கோணும். பிரித்தானியாவில ரோஸ் குளிசை 5 மி.கி., அமெரிக்காவில ரோஸ் 1 மி.கி. வெளிநாட்டில இருந்து பிள்ளையள் அனுப்புற டப்பா எங்கட ஊரில எத்தினை வீட்டில கிடக்கு! மில்லிகிராமும் எத்தினை குளிசையும் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லோணும்.

எங்கட கிழக்கிலங்கையில, காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில சென்னைக்குப் போய் கலைச்சொல் வேலைக்கு முன்னுக்கு நிண்டவர், அதால இஞ்ச இருந்து ஒரு சொல் அங்கால போறது புதினமில்ல எண்டும் சென்னை நண்பருக்குச் சொல்லி வைக்கிறன் :)

அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. உறைசுணக்கிக்கு ஓம் எண்டிறாக்கள் ஒரு வரி போடுங்க. தன்மருந்தளவு எனக்கே முழுசாப் பிடிக்கல்ல, அதை விடச் சின்னதா ஆராவது தந்தா மாத்துவம்.

---

தம்பி, நான் கிளினிக்கில தாதி. உறைசுணக்கி எண்டு இண்டைக்குக் காலையில அஞ்சாறு பேரிட்டச் சொல்லிப் பாத்தன். ஒருத்தரும் "தண்ணியாகுமா" எண்டு கேக்கல்ல. ஒரு மூத்தப்பா மட்டும் "எவ்வளவு நேரம் சுணங்கும்?" எண்டு கேட்டார், அப்பதான் ஐ.என்.ஆர். என்னெண்டு சொல்ல எனக்கு இடம் கிடைச்சது. தன்மருந்தளவை அட்டையில பெரிசாப் போடாதீங்க, எங்கட கிளினிக்கில இன்னும் ஒருத்தருக்கும் அந்தப் பயிற்சி குடுக்கல்ல.