மெட்டமெரிசத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

காரைக்குடி, கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். அச்சுத்தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குக் கொடுத்தாக வேண்டும். நிறத்தை அளக்கும் கருவியான நிறமாலை ஒளிமானி, இரண்டு நிறங்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று எண்ணாகச் சொல்லும் நிற வேறுபாடு போன்றவற்றுக்குச் சொல் கிடைத்துவிட்டது. மெட்டமெரிசத்தில்தான் நிற்கிறேன்.

விஷயம் இதுதான். மகிழம்பூ முறுக்குக்கு ஓர் அட்டைப்பெட்டியும் உள்ளே ஒரு பவுச்சும். இரண்டிலும் ஒரே அரக்கு நிறம் வேண்டும். பெட்டியில் அந்த நிறத்தைத் தனியாகக் கலந்த ஸ்பெஷல் கலரில் ஓட்டுகிறார்கள். பவுச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு பிராசஸ் கலரைச் சேர்த்து அதே நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். அச்சகத்தின் 5000 கெல்வின் விளக்கின் கீழ் இரண்டும் ஒன்று. கடையில் மஞ்சள் வெளிச்சத்து எல்இடியின் கீழ் வைத்தால் ஒன்று செம்மை ஏறியும் மற்றது பழுப்படித்தும் தெரியும். கருவி பொய் சொல்லவில்லை, கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டு மையும் ஒளியை அலைநீளத்துக்கு அலைநீளம் வேறு வேறு விதமாகத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு விளக்கின் கீழ் அந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டாமல் போகிறது.

கிடைக்கும் சொல்லிலிருந்து பெயரடை வர வேண்டும், அளவை எண்ணாகச் சொல்லும் “குறியெண்” என்பதோடும் ஒட்ட வேண்டும்.

காரைக்குடி, அச்சக உரிமையாளர்:

டீச்சர், எங்கள் ஷாப்பில் இதற்குப் பேரே கிடையாது. “லைட் மாறினா கலர் மாறுது” என்பார்கள், அவ்வளவுதான். இப்படி மாறிய பெட்டிகளை ஒரு பலகாரக் கடைக்காரர் மொத்தமாகத் திருப்பி அனுப்பினார். நிற வேறுபாடு 1-க்குள் இருக்கிறது என்று கருவியின் ரிப்போர்ட்டைக் காட்டினோம். “அதை உங்கள் மிஷினுக்குக் காட்டுங்கள், என் கடைக்கு வந்து பாருங்கள்” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். எங்கள் ரிப்போர்ட் டி50 ஒளி, அதாவது அந்த 5000 கெல்வின் பகல் வெளிச்சம், ஒன்றுக்கு மட்டும் கணக்கிட்டது. கடை விளக்குக்கு அதே கணக்கைப் போட்டிருந்தால் எண் ஏறியிருக்கும்.

இனிமேல் இது கூடத்தான் செய்யும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்போடு ஆரஞ்சு, பச்சை, ஊதாவையும் சேர்த்து ஏழு மையில் எல்லாவற்றையும் அடிக்கும் முறை பேக்கேஜிங்கில் பரவுகிறது. ஸ்பெஷல் கலர் டப்பா இல்லை, மெஷின் கழுவும் நேரம் மிச்சம். ஆனால் பழைய பெட்டி ஸ்பெஷல் கலர், புதுப் பெட்டி ஏழு மைக் கலவை. இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கினால் டீச்சர் சொன்னதேதான் நடக்கும். அதனால் பையன்கள் வாயில் நிற்கிற சொல்லாகப் பாருங்கள். “ஒளிபேதம்” போதாதா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, பேதம் வடசொல். நம்மிடம் இல்லாததற்குத்தான் கடன் வாங்க வேண்டும். உரியியலில் தொல்காப்பியர் “குருவும் கெழுவும் நிறன் ஆகும்மே” என்கிறார். நிறத்துக்கு இரண்டு சொற்களை அள்ளிக் கொடுத்திருக்கிறார், நாம் தொடுவதே இல்லை. குருதி என்ற சொல்லில் அந்தக் குருதான் இருக்கிறது என்பது என் துணிபு. “கெழு” என்பது வெறும் வண்ணம் மட்டுமன்று, பொருந்துதலும் ஆகும். “கெழுதகைமை” என்று வள்ளுவர் நட்பின் உரிமையைச் சொல்கிறாரே, அங்கே நிற்பது பொருத்தம். நிறமும் பொருத்தமும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்? “கெழுத்திரிபு” என்று வையுங்கள். பொருந்திய நிறம் திரிதல்.

இன்னொன்று. கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் என்றும், நிறத்தை உணர்த்தவும் உரியன என்றும் அதே இயலில் இருக்கிறது. இன்று “கருப்பு மை” என்று இடையின ரகரம் போட்டு அச்சடிக்கிறார்கள். கையேட்டில் அதையாவது வல்லின றகரமாகத் திருத்துங்கள்.

காரைக்குடி, அச்சக உரிமையாளர்:

ஐயா, மன்னிக்கணும். கெழுத்திரிபு என்று சுவரில் எழுதி ஒட்டினால் எங்கள் மெஷின்மேன் கெளுத்தி மீனைத்தான் நினைப்பார்.

காரைக்குடி, வேதியியலாளர்:

பெரியவர்கள் சினம் கொள்ள வேண்டாம். இந்தச் சொல் வந்த வழியைப் பார்ப்போம். இதை நிறத்துக்குக் கொண்டுவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு ஒரு வேதியியலாளர். 1909-இல் நோபல் பரிசு பெற்றவர். வேதியியலில் இது மாற்றியங்களில், அதாவது ஒரே அணுக்கள் வேறு வேறு அமைப்பில் சேர்ந்த சேர்மங்களில், ஒரு வகை. டைஎத்தில் ஈதரும் மெத்தில் புரோப்பைல் ஈதரும் ஒரே வாய்பாடு, ஆனால் ஆக்சிஜனின் இரு பக்கமும் உள்ள தொகுதிகள் வேறு. வெளியே ஒன்று, உள்ளே வேறு. அந்தப் பொருளில்தான் அவர் நிறத்துக்கு எடுத்தாண்டிருக்க வேண்டும். விலங்கியலில் மண்புழுவின் உடற்கண்டங்களுக்கும் இதே சொல்தான். எனவே ஒலிபெயர்த்து “மெட்டமெரிசம்” என்று விட்டால் மாணவன் மூன்று இடத்தில் மூன்று பொருள் கொள்வான்.

ஒன்றைக் கவனியுங்கள். அறிவியலில் மெட்டமெரிசம் என்பது இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது. அச்சகத்தில் அதைப் பிரிந்து தெரிவதற்குச் சொல்கிறார்கள். புலவர் ஐயாவின் திரிபும் தம்பியின் பேதமும் பின்னதைத்தான் பிடிக்கின்றன. முன்னதற்குச் சொல் இன்னும் வரவில்லை.

பள்ளத்தூர், கல்லூரித் தமிழ் விரிவுரையாளர்:

வேதியியல் ஐயா சொன்னதை வைத்து யோசித்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று நம் இலக்கணத்தில் இருக்கிறது: மயங்கொலி. ல, ள, ழ மூன்றும் பிறக்கும் இடம் வேறு, காதுக்கு ஒன்றுபோலப் படுகின்றன. இங்கே மையின் நிறமாலை வேறு, கண்ணுக்கு ஒன்றுபோலப் படுகிறது. காதுக்கு மயங்கொலி என்றால் கண்ணுக்கு மயங்குநிறம். நிகழ்வுக்கு நிறமயக்கம். மயங்குநிற இணை, நிறமயக்கக் குறியெண் என்று எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. திணைமயக்கம், உருபுமயக்கம் படித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் மயங்குதல் கலத்தலையும் குறிக்கும். மெய்ம்மயக்கத்தில் எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றனவே தவிர ஒன்றுபோல ஒலிப்பதில்லை. மயங்குநிறம் என்றால் கலவை நிறம் என்று ஒருவன் பொருள் கொண்டால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மாலை மயங்கிய நேரத்து மங்கல் நிறம் என்றும் கொள்வான்.

காரைக்குடி, கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

ஐயா சொல்லும் இடர்ப்பாடு உண்மை. ஆனாலும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். “பெட்டியும் பவுச்சும் மயங்குநிற இணை. டி50 ஒளியில் பொருந்தும், டங்ஸ்டன் விளக்கின் கீழ் பொருந்தாது.” ஓடுகிறது. பொருந்தாமல் போவதற்குத்தான் இன்னும் சொல் வேண்டும். நிறப்பிரிவு என்று வைக்கலாமா?

காரைக்குடி, அச்சக உரிமையாளர்:

வேண்டவே வேண்டாம், டீச்சர். கலர் செபரேஷனுக்கு நிறப்பிரிப்பு என்று ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். ஒன்று பிளேட் போடுவதற்கு முன்னால் நடக்கிற வேலை, மற்றது கஸ்டமர் கடையில் நடக்கிற தகராறு. இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்றால் பையன்கள் குழம்பிவிடுவார்கள்.

சேலைக் கடையில் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கண்டாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிரித்துப் பார்க்கிறார்கள். ட்யூப்லைட்டை யாரும் நம்புவதில்லை. அந்த வழக்கத்திலிருந்து ஒரு சொல் வராதா? “வெயில்மாற்றம்” மாதிரி.

பள்ளத்தூர், கல்லூரித் தமிழ் விரிவுரையாளர்:

அண்ணே, வெயில்மாற்றம் என்றால் வெயில் பட்டுச் சாயம் வெளுப்பது என்று ஆகிவிடும். அது வேறு குறை, அதற்கும் கையேட்டில் ஒரு பாடம் இருக்கும். “ஒளிவழி விலகல்” சொல்லலாம். நிறவெளியில் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதுதானே அளவு? 1976-இல் வந்த எல், ஏ, பி என்ற மூன்று ஆய அச்சுகளில் அந்தத் தொலைவைத்தான் நிற வேறுபாடு என்று எண்ணாகத் தருகிறார்கள். விளக்கை மாற்றினால் தொலைவு கூடுகிறது. சொல்லும் கணக்கும் ஒட்டி நிற்கின்றன.

காரைக்குடி, வேதியியலாளர்:

விலகல் என்றால் இயற்பியல்காரர்கள் ஒளி வளைவதை நினைப்பார்கள். ஒளிவிலகல் பள்ளிப்பாடத்திலேயே இருக்கிறது. “ஒளிவழி” என்று முன்னால் போட்டால் இன்னும் மோசம். “பொருத்தமுறிவு” என்று வைத்தால் யாருடைய வயலிலும் நுழைய வேண்டாம்.

தாளில் கலக்கும் ஒளிர்வூட்டிகளைப் பற்றியும் கையேட்டில் ஒரு பத்தி வையுங்கள். அட்டையை வெளுப்பாகக் காட்டப் போடும் அந்தப் பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளியே விடும். புற ஊதா இல்லாத எல்இடியின் கீழ் அது வேலை செய்யாது, அட்டையே மஞ்சளடிக்கும். அதற்காகத்தான் கருவியில், அளக்கும் ஒளியில் புற ஊதாவை எப்படி வைப்பது என்பதைப் பொறுத்து, எம்0, எம்1, எம்2 என்று அளவீட்டு நிலைகள் வந்தன. அதையும் நிறமயக்கத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், காரணம் வேறு.

காரைக்குடி, கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாள் நெருங்கிவிட்டதால் இப்படி எழுதுகிறேன்: நிகழ்வுக்கு நிறமயக்கம், இணைக்கு மயங்குநிற இணை, பிரிந்து தெரிவதற்குப் பொருத்தமுறிவு. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் மெட்டமெரிசம் என்று சேர்த்துக் கொடுப்பேன். ஒளிர்வூட்டிகளுக்குத் தனிப் பத்தி உண்டு. கறுப்புக்கு வல்லின றகரம் போட்டாயிற்று, ஐயா.

காரைக்குடி, அச்சக உரிமையாளர்:

சரி, டீச்சர். நிறமயக்கம் என் வாயிலும் வருகிறது. முறிவு மட்டும் பைண்டிங்கில் மடிப்பு முறிகிற மாதிரி கேட்கிறது. ஷாப்பில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கெழு என்ற சொல்லை அடுத்த பதிப்பின் சொற்பட்டியலில் ஒரு மூலையிலாவது சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அச்சில் மைப்புள்ளி அகன்று பெரிதாகும் டாட் கெயினுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள், அம்மா? புள்ளிப்பெருக்கம் என்றால் எண்ணிக்கை பெருகுவது போல இருக்கிறது. புள்ளி அகற்சி சரியாக இருக்குமா என்று பாருங்கள்.