புதுப்பிப்பு: ஃபாயில் பம்பிங்கில் மாஸ்ட்டின் இடமும் பாதங்களின் இடமும்

ஃபாயில் பலகையில் (நீருக்குள் இருக்கும் இறக்கைகளின் தூக்குவிசையால் நீருக்கு மேலே எழும் அலைச்சறுக்குப் பலகையில்) ஓர் அலையை விட்டு அடுத்த அலைக்குப் பம்ப் செய்து, அதாவது கால்களால் மிதித்து மிதித்து உந்தி, திரும்பும்போது பின்கால் தொடை சீக்கிரமே எரிகிறது, அமைப்பில் எதை மாற்றலாம் என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மாஸ்ட்டை (பலகையையும் இறக்கைகளையும் இணைக்கும் தண்டை) பலகையின் அடியிலுள்ள அதன் தடத்தில் ஏறத்தாழ 1 செ.மீ. முன்னே நகர்த்தியதும் தூக்குவிசை முன்காலை நெருங்கி வந்து, பின்காலின் சுமை உடனே குறைந்தது. பின்பாதம் இப்போது மாஸ்ட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. முன்பாதம் பலகையின் நடுக்கோட்டில் நிற்பதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் அது ஒரு விரல் அகலம் விலகினாலும் ஒவ்வொரு மிதியிலும் பலகை பக்கவாட்டில் சாய, அதை நிமிர்த்தவே கால்களின் வலு செலவாகிறது. பின் இறக்கையின் கோணத்தை ஷிம் (மெல்லிய ஆப்புத் தகடு) வைத்துக் குறைத்தால் நீரின் இழுவை குறையும், ஆனால் நிலைப்பும் குறையும் என்பதால், மாஸ்ட்டைத் தொடாமல் அதை மட்டும் தனியே மாற்றிப் பாருங்கள்.