மேம்பாலம் ஏறினால் செயின் நழுவுகிறது, பின் டயர் மட்டும் பஞ்சர், முட்டி வலி – எதை முதலில் பார்ப்பது?

ரேடியல்ரோடு:
வணக்கம். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கு, 200 அடி ரேடியல் ரோடு வழியாகத் தினமும் ஆபீஸ் போகும் சைக்கிள். ஒரு பக்கம் சுமார் 11 கி.மீ. ஹைபிரிட் வண்டி, 700×35 டயர், வி-பிரேக். முன்னால் 48/38/28 பல், பின்னால் 7 கியர் பிரீவீல் (14 முதல் 28 பல்). செயின் இதுவரை மாற்றவில்லை. என் எடை 74 கிலோ, முதுகில் லேப்டாப் பை 5 கிலோ.

தொல்லை மூன்று. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் 'டக்'கென்று நழுவுகிறது. சமதரையில் ஒன்றும் இல்லை. கடையில் கியர் வயரை டைட் செய்தும் அப்படியேதான். அடுத்து, பின் டயர் மட்டும் அடிக்கடி பஞ்சர். டயரை மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது, முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, மாலையில் அதிகம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் சரிசெய்தாக வேண்டும். எதில் தொடங்கட்டும்?

பால்ரஸ்:
செயினில் தொடங்குங்கள். மற்ற இரண்டும் சிரமம், இது ஆபத்து. நின்று மிதிக்கும்போது நழுவினால் உடம்பு முழுக்க ஹேண்டில் மேல் விழும், பின்னால் பஸ் வரும்.

வயர் டைட் செய்து பலன் இல்லாததில் வியப்பில்லை. வயர் கோளாறு என்றால் பாரம் இல்லாமல் மிதித்தாலும் கடகடவென்று சத்தம் வரும், கியர் தானாகத் தாவும். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் நழுவுகிறது என்றால் தேய்மானம்தான். செயின் இழுபட்டு நீள்வதில்லை. உள்ளே இருக்கும் பின்கள் (லிங்குகளை இணைக்கும் சின்ன ஊசிகள்) தேய்ந்து இடைவெளி கூடுகிறது. அப்போது உருளைகள் பல்லின் பள்ளத்தில் உட்காராமல் மேலேறி நிற்கும். பாரம் கொடுத்தால் பல்லைத் தாண்டிவிடும்.

ஊகம் வேண்டாம், அளந்து பாருங்கள். இரும்பு ஸ்கேல் போதும், பிளாஸ்டிக் வேண்டாம். செயினின் மேல்பகுதியைத் துடைத்து, பெடலை லேசாக அழுத்தி இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வரும்.

1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 அங்குலம் தாண்டினால் பிரீவீலும் சேர்ந்தே போயிருக்கும்.

கூடவே இரண்டு விஷயம் சொல்லுங்கள். எந்தப் பல்லில் நழுவுகிறது? எல்லாக் கியரிலும் பெடல் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் குதிக்கிறதா? அப்படியென்றால் ஒரே ஒரு லிங்க் இறுகிப்போயிருக்கும். செயினைப் பின்பக்கமாகச் சுற்றினால் பின் டிரெய்லரின் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் அமைப்பு) சின்னச் சக்கரத்தில் அது மட்டும் மடங்காமல் துள்ளும். பக்கவாட்டில் கையால் வளைத்து எண்ணெய் விட்டாலே சரியாகிவிடும்.

கோவைமிதி:
செயின் பத்தி அவர் சொன்னது சரிங்க. முட்டிக்கு நான் சொல்றேன். சில்லுக்கு முன்னால, கீழ வலின்னா பெரும்பாலும் சீட்டு தாழ்வு, இல்லைன்னா கனமான கியர். உங்களுக்கு ரெண்டுமே இருக்கும்னு படுதுங்க.

முதல்ல சீட்டு. சுவத்துல சாஞ்சு உக்காந்து, பெடல் அடிமட்டத்துல இருக்கறப்ப குதிகாலை அது மேல வைங்க. கால் நேரா நீளணும், இடுப்பு சாயக்கூடாது. அப்புறம் முன்பாதத்துல மிதிச்சீங்கன்னா முட்டி லேசா மடங்கி நிக்கும், அதுதான் அளவு. டேப் வெச்சும் பாக்கலாங்க. செருப்பில்லாம நின்னு கவட்டையிலிருந்து தரைவரை அளந்து 0.883ஆல பெருக்குங்க. 80 செ.மீ.ன்னா 70.6 வரும். அது கிராங்க் நடுவிலிருந்து சீட்டு மேல்மட்டம் வரைக்கும். ஒரேயடியா ஏத்தாதீங்க, 5 மி.மீ. ஏத்தி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. முட்டிக்குப் பின்னால நரம்பு இழுத்தா அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். சீட்டுக் கம்பில இருக்கற கோடு வெளிய தெரியக்கூடாதுங்க, தெரிஞ்சா பிரேம் கிழியும்.

அடுத்தது கியர். மேம்பாலத்துல எதுல ஏறறீங்க? 48ல முன்னால, 18ல பின்னால வெச்சு 12 கி.மீ. வேகத்துல ஏறினா பெடல் நிமிஷத்துக்கு 35 சுத்துதான் சுத்தும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி முழுப் பாரத்தைத் தாங்கணும். அதே வேகத்துக்கு 28/24 வெச்சா 79 சுத்து. வேகம் ஒண்ணுதான், முட்டி படற பாடு பாதிகூட இல்லைங்க. 70-லிருந்து 85க்குள்ள சுத்தற மாதிரி கியர் வெச்சுக்குங்க. ஏத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே முன் செட்டுல சின்னப் பல்லுக்கு இறக்கணும். பாதி ஏறினப்புறம் அழுத்திக்கிட்டே மாத்தினா செயின் அறும்.

முட்டி வீங்கினாலோ, படி இறங்கறப்ப பூட்டிக்கிட்டாலோ சீட்டை நோண்டாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

ரேடியல்ரோடு:
நன்றி. அளந்தேன். 12 அங்குலக் கோட்டிலிருந்து செயின் பின் நன்றாக 1/8 தாண்டி நிற்கிறது. சின்னதிலிருந்து மூன்றாவது, நான்காவது பல்லில் மட்டும்தான் நழுவுகிறது, நான் எப்போதும் ஓட்டுவதும் அதில்தான். முன்னால் 48. இறுகிய லிங்க் எதுவும் இல்லை.

பழைய டியூபை எடுத்துப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் வெளிப்பக்கம், ஒரு இடத்தில் மட்டும் அருகருகே இரண்டு. காற்று பங்க்கில் அடிப்பது, 35 வைக்கிறார்கள்.

கிரீஸ்கை:
35ஆ? பாதி பஞ்சருக்குக் காரணம் அதுவே. பங்க்ல பைக் கணக்குக்கு 30, 35ன்னு வைப்பாங்க. பைக் டயர் அகலம், அதுக்கு அது போதும். உங்க 35 மி.மீ. டயருக்கு அந்த எடையில பின்னால 60 பிஎஸ்ஐ, முன்னால 50 வேணும். டயர் ஓரத்துல அச்சடிச்ச அதிகபட்ச அளவைத் தாண்டாதீங்க. பின்னாலேயே பஞ்சர் ஆகறது ஏன்னா பாரத்துல பெரும்பங்கு பின் சக்கரத்துலதான்.

அருகருகே ரெண்டு ஓட்டை பாம்புக்கடி மாதிரி இருந்தா முள் இல்லை. காத்து கம்மியா பள்ளத்துல இறங்கினப்ப ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல டியூப் நசுங்கியிருக்கு. மேம்பாலத்து இரும்பு இணைப்பு ஒண்ணு போதும்.

மத்த ஓட்டைக்கு ஒரு வேலை பண்ணுங்க. இனிமே டியூபைக் கழட்டறப்ப வால்வு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு டயர்ல சாக்பீஸால குறி போடுங்க. டியூப்ல ஓட்டையைக் கண்டுபிடிச்சு, வால்வுல இருந்து எவ்வளவு தூரம்னு டயர் மேல வெச்சுப் பாருங்க. அந்த இடத்துலதான் குத்தினது இருக்கும். லாரி டயர் வெடிச்சா அதுக்குள்ள இருக்கற மெல்லிசு எஃகுக் கம்பி ரோட்டோரம் பூரா கிடக்கும், தலைமுடி கனம்தான். வெளிய இருந்து கண்ணுக்குத் தெரியாது. டயர் உள்பக்கம் பஞ்சை வெச்சு மெதுவா சுத்தித் தேய்ங்க, மாட்டற இடத்துல கம்பி நிக்கும். கையால தடவாதீங்க, விரல் கிழியும். பிளக்கர் இல்லைன்னா நகவெட்டியால பிடிச்சு இழுங்க. இதை எடுக்காம எத்தனை தடவை ஒட்டினாலும் அதே இடத்துல குத்தும். ஒட்டறவங்க நிறைய பேர் இதைப் பாக்கறதே இல்லை.

இன்னொரு தகவல்: ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பாத்து இருந்தா ரிம் டேப் நகர்ந்து போக்ஸ் கம்பி துளை குத்துது. வால்வு அடியில கிழிஞ்சா, காத்து கம்மியா ஓட்டி டியூப் நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு இந்த ரெண்டும் இல்லை.

ஒட்டறப்ப அவசரப்படக்கூடாது. உப்புத்தாளால ஓட்டையைச் சுத்தி பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, சல்யூஷனை மெல்லிசா தடவி 5 நிமிஷம் விடுங்க. ஈரமா இருக்கறப்பவே பேட்ச் வெச்சா ஓரம் தூக்கிக்கும். பட்டன் இருக்கற டயரை மாத்த வேணாம். நூல் தெரிஞ்சாலோ, ஓரம் வெடிச்சாலோ மாத்துங்க. மாத்தறப்ப பஞ்சர் தடுப்புப் பட்டை வெச்ச டயரா வாங்குங்க. கொஞ்சம் கனம், ஆனா ஆபீஸ் போற வண்டிக்கு அதுதான் லாபம்.

கேஜ் வெச்ச தரை பம்பு ஒண்ணு வீட்டுல இருக்கட்டும். வாரம் ஒருதரம் அடிச்சா போதும். கட்டைவிரலால அமுக்கிப் பாக்கறது 60ல ஒண்ணும் காட்டாது, 40ம் கல்லு மாதிரிதான் இருக்கும்.

சாலைப்புயல்:
பேசாமல் 28 மி.மீ. டயர் போட்டு 90 அடியுங்கள். வேகமும் வரும், பாம்புக்கடியும் வராது.

கிரீஸ்கை:
வேளச்சேரி, ரேடியல் ரோடு, ஓஎம்ஆர் பக்கம் மழைக்காலப் பள்ளத்துக்கு 28 வேணாம். தண்ணிக்குள்ள பள்ளம் தெரியாது, ரிம்தான் முதல்ல அடிவாங்கும். மட்கார்டுக்கு இடம் இருந்தா 38 கூடப் போடலாம்.

பால்ரஸ்:
1/8 என்றால் செயின், பிரீவீல் இரண்டும் மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் அந்த மூன்றாவது, நான்காவது பல்லில் நழுவல் இன்னும் மோசமாகும். பழைய பல் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்தது, புதுச் செயின் அதில் உட்காராது.

வாங்கும்போது '7 ஸ்பீடு திருகு வகை பிரீவீல், 14-28' என்று கேளுங்கள். காசெட் (திருகாமல் ஹப்பில் செருகி மாட்டும் வகை) வேறு, மாட்டாது. செயின் 6/7/8 ஸ்பீடு வகை, குயிக் லிங்க் உள்ளதாக.

கழற்ற பிரீவீல் ரிமூவர் வேண்டும். அதில் இரண்டு, மூன்று வகை உண்டு, உங்கள் பிரீவீலின் உள்பள்ளத்தைப் பார்த்துப் பொருத்தமானதை எடுங்கள். ரிமூவரை உட்காரவைத்து, ஆக்சில் நட்டையோ குயிக் ரிலீஸையோ லேசாகப் போட்டு அது நழுவாமல் பிடியுங்கள். ஸ்பேனரைவிட வைஸில் ரிமூவரைப் பிடித்துச் சக்கரத்தையே ஸ்டியரிங் போல இடப்பக்கம் திருப்புவது எளிது. இத்தனை காலம் மிதித்து மிதித்து இறுகியிருக்கும், முதல் அசைவுக்கு முழு பலம் வேண்டும். அசைந்தவுடன் நட்டைத் தளர்த்துங்கள். புதியதை மாட்டும் முன் மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்று கையால்தான். மரை குறுக்கே ஏறினால் ஹப் போச்சு. டைட் செய்ய வேண்டாம், மிதிக்கும்போது தானே இறுகும்.

செயின் நீளத்துக்குப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் தொங்கவிட்டு வெட்டாதீர்கள். பழையது தேய்ந்து நீண்டிருப்பதால் ஒரு லிங்க் கூடிவிடும். லிங்குகளை எண்ணி அதே எண்ணிக்கையில் வெட்டுங்கள்.

முன்னால் 48 பல்லையும் பாருங்கள். பல் ஒரு பக்கம் சாய்ந்து சுறாத் துடுப்பு போல இருந்தால் அதுவும் போக வேண்டும். இந்த விலை வண்டிகளில் மூன்று வளையமும் ரிவெட் அடித்து வரும், கிராங்க் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பல் சீராக இருந்தால் தொட வேண்டாம்.

ரேடியல்ரோடு:
மிக்க நன்றி. இரண்டு கேள்வி மட்டும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், டபிள்யூடி-40 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எது? மழையில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பால்ரஸ்:
தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். டபிள்யூடி-40 துரு தளர்த்தவும் கழுவவும் நல்லது, உயவாக நிற்காது. இன்ஜின் ஆயில் உயவும், ஆனால் மணலை வாரிச் சேர்க்கும், அந்த மணல்தான் பின்னைத் தேய்க்கிறது. செயின் லூப் வாங்குங்கள். வெயில் காலத்துக்கு உலர் வகை, மழைக்கு ஈர வகை. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். உள்ளே இருப்பதே வேலை செய்கிறது. நனைந்து வந்த இரவே துடைத்து எண்ணெய் விட்டால் துரு வராது.

சதுப்புநிலம்:
மழை பற்றி. வி-பிரேக்கில் ரிம் நனைந்திருந்தால் முதல் பிடியில் தண்ணீர்தான் வழியும், பிரேக் பிடிக்காது. நிறுத்துமிடத்துக்கு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் கட்டையில் மணலும் அலுமினியத் துகளும் பதிந்து கறகற என்று கேட்டால் கழற்றி, ஊசியால் துகளை நோண்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து மாட்டுங்கள். விட்டால் ரிம்மை அறுத்துவிடும். கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறைந்தால் புதிது.

பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றால் ஹப் மூழ்கும் ஆழத்தில் இறங்காதீர்கள். கிரீஸ் கரைந்து பால்ரஸ் குண்டுகள் துருப்பிடிக்கும். மூழ்கியே விட்டதென்றால் அந்த வாரமே இரண்டு ஹப்பும் ஓவராயில். நனைந்த மேம்பால இணைப்பு, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, பெயின்ட் கோடு, இந்த மூன்றின் மேலும் நேராகப் போங்கள். பிரேக், திருப்பம் இரண்டும் கூடாது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். உங்கள் ரூட்டில் ஜூன், ஜூலையில் காலை மேல்காற்று முதுகில் தள்ளும், மாலை கடற்காற்றும் வீடு நோக்கித் தள்ளும். ராஜயோகம். வடகிழக்குப் பருவம் தொடங்கினால் காலையில் சதுப்புநிலத் திறந்தவெளி முழுக்க எதிர்காற்று. வேகத்தைப் பிடித்துவைக்கப் பார்க்காமல் இரண்டு கியர் இறக்கி, பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். முட்டி தப்பும். கீழே சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் மேம்பாலம் ஏறத் தேவையும் இல்லை.

பை முதுகில் வேண்டாம், கேரியரில் பக்கப் பை மாட்டினால் வியர்வை பாதி குறையும். ஆனால் அந்த 5 கிலோவும் பின் சக்கரத்தில் ஏறும், காற்றை 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள். லேப்டாப்புக்கு அடியில் கெட்டி ஸ்பாஞ்ச் வையுங்கள்.

ரேடியல்ரோடு:
செயினும் பிரீவீலும் மாற்றியாயிற்று, நழுவல் நின்றது. டயர் உள்ளே இரண்டு கம்பி கிடைத்தது. சீட்டு 5 மி.மீ. ஏற்றியிருக்கிறேன். இப்போது முன்னால் 48-உம் பின்னால் 28-உம் சேர்த்துப் போட்டால் மட்டும் உரசுகிற சத்தம். வயரைச் சரிசெய்யணுமா?

பால்ரஸ்:
வேண்டாம். அது பெரியதும் பெரியதும், செயின் கோணலாகப் போகிறது. முன் டிரெய்லர் கூண்டில் உரசும். அந்தச் சேர்க்கையைப் பயன்படுத்தாதீர்கள், அதே பல் விகிதம் 38/22-இல் கிடைக்கும். புது வயராக இருந்தால் முதல் வாரத்தில் கொஞ்சம் தளரும். அப்போது பின் டிரெய்லரில் வயர் நுழையும் இடத்தில் உள்ள திருகை இடப்பக்கம் அரைச் சுற்று.