புதுப்பிப்பு: பிள்ளையார் கோயில் வீதியும் வீட்டு இலக்கமும்

போன மாரியில் எழுதியிருந்தேன்: 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம், வண்டி பக்கத்து ஊர்ப் பிள்ளையார் கோயில் வீதிக்குப் போய்விட்டது, ஆகவே வீதிப் பெயரை மாற்றவேண்டும் என்று. மட்டக்களப்பில் எந்த ஊரில்தான் பிள்ளையார் கோயில் வீதி இல்லை?

பெயர் மாற்றம் கூட்டத்தோடு நின்றுவிட்டது. அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, வங்கிப் புத்தகம் எல்லாம் மாற்ற யார் அலைவது என்றார்கள். நியாயம்தான். பிள்ளையார் பெயரில் கைவைக்க எனக்கும் துணிவில்லை.

வீட்டு இலக்க விஷயம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. எங்கட பக்கம் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்துச் சீதனம் கொடுக்கக் கொடுக்க, 14 என்ற வீடு 14/1, 14/1/2 என்று குட்டி போட்டு, கடைசி வீட்டு வாசல் பின் ஒழுங்கையில் திறக்கிறது. சாரதி முன்வீதியில் தேடுகிறார். அவுஸ்திரேலியக் கிராமப்புறங்களில் வீதி தொடங்கும் இடத்திலிருந்து வாசல் வரையான மீற்றரைப் பத்தால் வகுத்து இலக்கம் இடுகிறார்கள். 1530 மீற்றரில் வாசல் என்றால் 153 அல்லது 152; ஒரு பக்கம் ஒற்றை, மறுபக்கம் இரட்டை. இடையில் புது வீடு வந்தாலும் இலக்கம் மிச்சமிருக்கும். கிராம உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னேன், பிரதேச சபைக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாயிற்று.

அதுவரை பெடியன்கள் கேற்றுகளில் இருக்கிற இலக்கத்தையே வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கரில் பெரிதாக ஒட்டுகிறார்கள். நீங்களும் 1990க்கு அழைத்தால் ஊர்ப் பெயரை முதலில் சொல்லுங்கள், பிறகு வீதி. சந்திக்கு ஒராளை ரோச் லைற்றோடு அனுப்புங்கள்.