குமரனின் வள்ளமும் குடும்பச் சீட்டுப் பணமும்

செல்வராணி (ஹட்டன்): அனைவருக்கும் வணக்கம். குடும்பச் சீட்டில் சேர்ந்திருக்கும் பணத்தைக் கடனாகத் தந்தால், ஒருவர் பாவித்து விற்கும் பைபர் வள்ளத்தையும் எஞ்சினையும் வாங்கிக்கொள்வேன் என்று முல்லைத்தீவிலிருந்து தம்பி குமரன் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். குரல் பதிவு அனுப்பினால் யார் என்ன சொன்னார் என்று பிறகு சண்டை வரும். ஆகவே சொல்ல வேண்டியதை எழுத்திலேயே முழுமையாகச் சொல்லுங்கள்.

குமரன் (முல்லைத்தீவு): நான் இப்போது சம்மாட்டி ஒருவரின் வள்ளத்தில் கடலுக்குப் போகிறேன், அக்கா. கரைக்கு வந்ததும் மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிஞ்சியதில் பாதியை வள்ளம், எஞ்சின், வலை ஆகியவற்றுக்கென அவர் எடுத்துக்கொள்கிறார்; மற்றப் பாதிதான் போய் வந்தவர்களுக்குள் பிரிகிறது. வள்ளம் என்னுடையதானால் அந்த முதற் பாதி நம் வீட்டுக்கு வரும்.

பெரியம்மா (நோர்வூட்): 1977 கலவரத்துக்குப் பிறகு என் தம்பி வன்னிக்குப் புறப்பட்டபோது, தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த ஊரில் என்ன வேலை என்று கேட்டேன். காடு வெட்டிப் பயிர் செய்யப் போனவர், கடைசியில் கரைவலை இழுக்கப் பழகி, அதிலேயே பிள்ளைகளை வளர்த்துவிட்டார். குமரன் கேட்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. கொடுத்துவிடுங்கள்.

ராசு மாமா (முல்லைத்தீவு): அக்காவின் மனசு எனக்குத் தெரியும், ஆனாலும் பணம் எல்லோருடையது என்பதால் தகப்பனான நானே குறைகளையும் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் ஆண்டு முழுவதும் தொழில் இல்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கும் மேற்கும் கொந்தளிக்க, எங்கள் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் அந்தக் காலத்தில் இங்கு வந்து கரையில் வாடி என்ற தற்காலிகக் கொட்டில் போடுவதும் அதனால்தான். கார்த்திகையில் வாடைக் காற்று பிடித்துவிட்டால் சின்ன வள்ளங்கள் கரையில்தான் கிடக்கும், கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். எரிபொருளும் நம் கையில் இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது, மீன் இருக்கிறது என்று தெரிந்தும் கடலுக்குப் போகாமல் இருந்தவர்கள் பலர்.

கடலடியை வாரி இழுக்கும் இழுவைப் படகுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து இரவில் வருகிறவை எங்கள் வலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போகின்றன. வலை போனால் அந்தப் பருவத்துச் சம்பாத்தியமே போனது போலத்தான். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அந்தப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. அந்த நாட்களில்தான் வலையை விட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர முடிகிறது.

பிரபா (கொழும்பு): பேலியகொடை மீன் சந்தையில் கணக்கெழுதுகிறவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன், மாமா. நாட்டின் மொத்த உற்பத்தியில் மீன்பிடியின் பங்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் என்பதால், அதைச் சின்னத் தொழில் என்று கொழும்பில் பேசுகிறார்கள். பெரிய ஆலைகள் இல்லாத முல்லைத்தீவிலும் மன்னாரிலும் அந்த ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. வள்ளம் கரையேறினால்தான் ஐஸ் விற்பவருக்கும், எஞ்சின் திருத்துபவருக்கும், வலை பொத்துபவருக்கும், கருவாடு போடும் பெண்களுக்கும், கடன் கொப்பி வைத்திருக்கும் பலசரக்குக் கடைக்காரருக்கும் காசு புழங்கும். இந்த நாட்டு மக்கள் உண்ணும் விலங்குப் புரதத்தில் ஏறக்குறைய பாதி மீனிலிருந்தே கிடைக்கிறது என்பதையும் அந்தச் சதவீதம் காட்டாது.

ஆனால் என் கணக்குக் கொப்பி வேறொன்றையும் காட்டுகிறது. மீன் கைமாறக் கைமாறத்தான் காசு சேருகிறது. சேரும் இடம் கரை இல்லை. வலை வாங்கவும், மழை மாதங்களில் அடுப்பு எரியவும் முற்பணம் தந்த மீன் வியாபாரியான முதலாளிக்கே மீனைக் கொடுக்க வேண்டும், விலையையும் அவரே சொல்வார். வள்ளம் குமரனுடையதானாலும் அந்த முற்பணக் கட்டு அறுந்துவிடப் போவதில்லை. ஆகவே வள்ளத்துக்குப் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஐஸுக்கும் வண்டிக்கும் கொடுத்தால் சம்மதம்.

தேவன் (நுவரெலியா): ஐஸ் என்றதும் எனக்கும் எழுதத் தோன்றுகிறது. மரக்கறி லொறியில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய் வருகிறவன் நான். மலைக்கு ஏறி வரும் மீன் எத்தனை கை மாறி, எத்தனை தரம் ஐஸ் உருகி வருகிறதென்று கண்ணால் கண்டிருக்கிறேன். பலயா, கெலவல்லா போன்ற சூரை மீன்களைச் சாப்பிட்டுவிட்டு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்தால், மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் மீனின் சாதியில் குறையில்லை. பிடித்த பிறகு சூட்டில் கிடந்ததால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடுகிறது, பின்னர் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது எங்கும் சொல்லப்படும் கணக்கு. அதைக் கடைப்பிடிப்பவரைத்தான் காணோம். இதனால்தான் தோட்டத்துக் கடைகளில் இன்றும் டின் மீனும் கருவாடும் கோலோச்சுகின்றன. அந்த நெத்தலிக் கருவாட்டிலும் தாய்லாந்திலிருந்து வருவது கொஞ்சநஞ்சமில்லை என்பதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

குமரன்: எல்லோரும் ஐஸ் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். வள்ளம் இல்லாமல் பெட்டிக்குள் வைக்க மீன் எங்கிருந்து வரும், பிரபா அக்கா? கடலுக்குப் போகிறவனை விட்டுவிட்டு வியாபாரிக்குப் பணம் கொடுக்கும் யோசனையாக இது எனக்குப் படுகிறது.

பிரபா: அந்த வியாபாரியாக நீயே இரு என்கிறேன், தம்பி. உன் சிநேகிதர்களில் முற்பணம் வாங்காத வள்ளக்காரர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களிடம் கரையிலேயே ரொக்கம் கொடுத்து, முதலாளி தருவதைவிடச் சற்றுக் கூட்டி வாங்கி, குளிர் போகாத ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கினால், மாங்குளம் வந்து ஏ9 வீதியில் வவுனியா, தம்புள்ளை, கண்டி என்று ஹட்டனுக்குக் கொண்டுவரலாம். இரவில் ஏற்றினால் காலையில் சந்தை. திரும்பும்போது தேவன் அண்ணன் தரும் கரட்டையும் லீக்ஸையும் வன்னிக்கு ஏற்றிப் போகலாம். வெறும் வண்டியாகத் திரும்பினால் மீனில் வரும் லாபத்தை டீசலே தின்றுவிடும்.

இதிலும் ஆபத்து இருக்கிறது, மறைக்கவில்லை. 2020 ஒக்டோபரில் பேலியகொடையில் கொரோனா பரவியதும் மீன் வாங்க ஆளில்லாமல் போனது. மீன் பாதுகாப்பானது என்று காட்டுவதற்காக முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்கு நிலைமை முற்றியது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குக் கதவைச் சாத்தி, 2016 ஜூனில்தான் திறந்தது. ஆழ்கடல் படகுகளை ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்பதே காரணம். வருமானத்தை இழந்தவர்களில் அந்தப் படகுகளில் கூலிக்குப் போனவர்களும் அடக்கம். விற்கும் இடம் ஒன்றாக மட்டும் இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

ராசு மாமா: பிரபா சொல்வதில் ஒன்றைத் திருத்த வேண்டும். ரொக்கம் கொடுத்தால் மட்டும் மீன் தரமாட்டார்கள். வாடைக் காலத்தில் வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். முதலாளி பிழைத்துக்கொண்டிருப்பதே அந்த உதவியால்தான். அவரைக் கெட்டவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

பிரபா: உண்மைதான், மாமா. அப்படியானால் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் கார்த்திகைக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். பெட்டியும் ஐஸும் மீதிக்குள் அடங்கட்டும். வண்டியை முதலில் வாடகைக்குப் பிடிக்கலாம்.

பெரியம்மா: எனக்கு இந்தக் கணக்கெல்லாம் விளங்கவில்லை. பிள்ளை கடலுக்குப் போகும் நாட்கள் குறையும் என்றால் எனக்குச் சம்மதம்.

செல்வராணி: தேவன் அண்ணா, திரும்பும் பாரத்துக்கு மரக்கறி கிடைக்குமா என்று நாளைக்குள் எழுதுங்கள். குமரன், ஐஸ் என்ன விலை, முற்பணம் வாங்காத வள்ளங்கள் எத்தனை என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். வள்ளம் வாங்கும் பேச்சை இந்தப் பருவம் முடிந்த பிறகு மீண்டும் எடுப்போம்.

குமரன்: விசாரிக்கிறேன், அக்கா. ஆனால் சம்மாட்டியின் வள்ளத்தை உடனே விடமாட்டேன். கிழமையில் பாதி நாள் கடல், பாதி நாள் பெட்டி. இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் பணத்தை அனுப்புங்கள்.